நாலாம் குழியில் விழுந்த ஆணி

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறீர்கள். பாதி வழியில் ஒரு சந்தேகம் வருகிறது: பூட்டினோமா? பூட்டியிருப்போம், தினம் பூட்டுகிற கைதானே. ஆனால் இன்றைக்குப் பூட்டியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டால், நேற்றுப் பூட்டியதும் முந்தாநாள் பூட்டியதும் ஒன்றோடொன்று குழம்பிக்கொண்டு வரும். தினம் செய்கிற காரியத்தைக் கை தானே செய்துவிடும்; புத்தியிடம் கேட்டுக்கொண்டு செய்யாது. பூட்டு விஷயம் என்றால் பரவாயில்லை, திரும்பிப் போய் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தால் தீர்ந்தது. எல்லம்மாவுக்கு வந்த சந்தேகத்தை அப்படி இழுத்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

ஆம்பூரில் பாலாற்று மணலை ஒட்டி இருந்த தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் எல்லம்மா வேலை செய்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம். அவளுக்கு வயது முப்பத்தெட்டு இருக்கும். புருஷன் காலராவில் போய்ப் பத்து வருஷம், பிள்ளை இல்லை. தங்கை சம்பூர்ணத்தைத்தான் பிள்ளையாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். தங்கை புருஷன் கோலார் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விட, சம்பூர்ணம் எட்டு மாத வயிற்றோடு அக்காவிடம் வந்து இருந்தாள். இருவரும் இருந்தது டேனரிக்காரர்கள் வேலையாட்களுக்குக் கட்டிவிட்டிருந்த லைன் வீட்டில். வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலை போனால் அன்று சாயங்காலமே பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்க வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரி என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

சம்பூர்ணத்துக்கு இது இரண்டாவது. முதல் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் நீலம் பாரித்துச் செத்துப்போனது. காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். இந்தத் தடவை எல்லம்மா சும்மா இருப்பாளா? நாட்றம்பள்ளி சந்தைக்குப் போன வண்டியில் தொற்றிக்கொண்டு போய், லாடம் அடிக்கிறவனிடம் கெஞ்சி, குதிரைக் காலிலிருந்து தானாகக் கழன்று விழுந்த ஆணி ஒன்றை வாங்கி வந்தாள். தலை சப்பையான, நுனி லேசாக வளைந்த ஆணி. அதற்குச் சிவப்பு நூல் சுற்றி அம்மன் காலடியில் வைத்து எடுத்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி வீட்டுக்குள் இருப்பாள். வெளியே போய் வருகிறவளின் பின்னாலேதான் கெட்டது உள்ளே நுழையும். ஆகவே ஆணி இருக்க வேண்டியது வெளியே போகிறவளின் மடியில். அந்தப் பக்கத்து வழக்கம் அது.

ஆனால் டேனரியில் பட்டைக் குழிப் பக்கம் இரும்பே வரக்கூடாது. தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை ஊறவைத்த தண்ணீரில் இரும்பு பட்டால் தண்ணீர் மையாகக் கறுத்துவிடும். உள்ளே கிடக்கிற தோலில் கருநீலத் திட்டு விழுந்துவிடும். தலைகீழாக நின்று தேய்த்தாலும் அது போகாது. சதை சீவுகிற கத்திகள் எல்லாம் சுண்ணாம்புக் குழியோடு சரி, இந்தப் பக்கம் தலைகாட்டாது. பெண்கள் சாவி, ஊக்கு எல்லாவற்றையும் வாசலிலேயே அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். எல்லம்மா தன் ஆணியை வாசல் வேப்பமரத்துப் பொந்தில் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். இரண்டு மாதமாக ஒரு நாளும் தவறவில்லை.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பொந்துக்குள் கையை விட்டாள். சருகும் கட்டெறும்பும்தான் இருந்தன. மடியைத் தடவினாள். முந்தானையை உதறினாள். ஒரு வெற்றிலைக் காம்பு விழுந்தது, ஆணி விழவில்லை. காலையில் பொந்தில் வைத்தோமா? மணி அடித்துவிட்டதென்று தலைதெறிக்க ஓடிவந்தது ஞாபகம் இருந்தது. பொந்தில் கை விட்டதும் ஞாபகம் இருந்தது. ஆனால் அது இன்றைய கையா, நேற்றைய கையா? வந்த வழியெல்லாம் குனிந்து தேடிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

சம்பூர்ணத்திடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? குழந்தைக்கென்று இருந்த ஒரே காவல் போய்விட்டது என்று எட்டு மாதக்காரியிடம் சொன்னால் அந்த அதிர்ச்சியிலேயே ஏதாவது ஆகிவிடாதா? சம்பூர்ணமும் அன்று என்னவோபோல இருந்தாள். அக்காவின் மடியை ஒரு தரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "கஞ்சி ஆறிடப் போவுது, குடிக்கா" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் குடித்துவிட்டு எழுந்தார்கள். ஆணிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

புதன்கிழமை காலையில் நாலாம் பட்டைக் குழியில் தோலைப் புரட்ட இறங்கின சுப்பராயன், முதல் தோலைத் தூக்கியதுமே, "அய்யய்யோ, இன்னா இது!" என்று அலறினான். தோலில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலத் திட்டு. அடுத்த தோலிலும் அப்படியே. அடியில் போகப் போகத் திட்டு பெரிதாகிக்கொண்டே போனது. குழித் தண்ணீர் கலங்கல் மையாக இருந்தது. டேனரியே ஓடிவந்து குழியைச் சுற்றி நின்றது. எல்லம்மா பட்டைக் கூடையைத் தலையில் வைத்தபடியே நின்றாள். இறக்கிவைக்கத் தோன்றவில்லை.

மேனேஜர் நிசார் அஹமது வந்து பார்த்தார். முதலாளியின் தங்கை மகன், முப்பது வயசு கூட இருக்காது, இரைந்து பேசத் தெரியாத மனுஷர். அன்று அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "பெரிய சாயபு சனிக்கிழமை மெட்ராஸ்லேருந்து வர்றாரு. நான் அவருக்கு இன்னா பதில் சொல்றது?" என்று பொதுவாகக் கேட்டார். பிறகு, "யாரோ இரும்பு கொண்டாந்திருக்காங்க. யாருன்னு தெரியணும். அவங்க வேலையும் வீடும் அன்னியோட சரி" என்றார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியதை எல்லம்மா கவனிக்கவில்லை. அவள் காதில் விழுந்தது வேலையும் வீடும்தான்.

திங்களன்று நாலாம் குழியில் வேலை பார்த்தவர்கள் நாலு பேர். உள்ளே இறங்கித் தோல் அடுக்கினவர்கள் சுப்பராயனும் ஆதிகேசவனும். மேலே நின்று, மேஸ்திரி கோவிந்தசாமி வாணியம்பாடியிலிருந்து புதிதாக வாங்கிவந்திருந்த, பிரம்பு சுற்றின மரவாளியால் பட்டைத் தண்ணீர் ஊற்றினவர்கள் எல்லம்மாவும் சவுரியம்மாளும். நாலு பேரையும் மேஸ்திரி வரிசையாக நிறுத்திவைத்தார்.

கோவிந்தசாமி மேஸ்திரி அடிக்கிற ஆளில்லை, கேட்கிற ஆள். அடியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அவர் கேள்வியைத் தாங்க முடியாது என்பார்கள். "போலீசு கீலீசு வாணாம் சாயபு. வெள்ளிக்கெழம ஆலங்காயத்துப் பூசாரிய வரவழைக்கிறேன். அம்மன் முன்னால மந்திரிச்ச அரிசியக் குடுத்தா, தப்பு செஞ்சவன் வாயில எச்சில் ஊறாது. மாவா துப்புவான். அரிசி பொய் சொல்லாது" என்றார். பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"ஏம்மா எல்லம்மா, திங்கக்கெழம உன் மடியில இன்னா இருந்துது?"

"ஒண்ணும் இல்ல மேஸ்திரி."

"தண்ணி ஊத்தக் குனிஞ்சப்போ ஏதாச்சும் விழுந்துச்சா?"

"இல்லியே."

"நல்லா ரோசன பண்ணு. குழி ஓரம் குனியற, முந்தான தொங்குது. சட்டுனு பதில் சொல்லாத. கண்ண மூடிப் பாரு."

அவள் கண்ணை மூடினாள். குழி தெரிந்தது, நுரை தெரிந்தது, தொங்குகிற முந்தானையும் தெரிந்தது. அவ்வளவுதான். "தெரியல மேஸ்திரி" என்றாள். "இல்லியே" என்றவள் "தெரியல" என்கிறாளே என்று மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். சொன்னவன் எல்லம்மாவைப் பார்த்ததில்லை. அவள் பயமெல்லாம் மடியில் கனம் இல்லாததால் வந்தது. பொந்தில் ஆணி இல்லை, மடியில் இல்லை, வழியில் இல்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம். கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்து நின்றது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: ஆணி குழியில் என்றால் குழந்தையின் காவலும் குழியில். அந்தக் கறுத்த தண்ணீருக்குள் சம்பூர்ணத்தின் பிள்ளையே கிடப்பதாக அவளுக்குத் தோன்றியது. நினைக்கக்கூடாதென்று தலையை உதறினாள். உதறினால் போகிற நினைப்பா அது?

வியாழக்கிழமை மேஸ்திரி மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை குரலில் கருணை சொட்டியது. "பயப்படாதம்மா. விழறத நீ பாக்காம இருந்திருக்கலாம். சத்தம் கேட்டிருக்கும். ஒரு சின்ன சத்தம். கேட்டுச்சா?"

எல்லம்மா வாயைத் திறந்தாள். அந்தக் கணத்தில், என்னவென்று சொல்வது, அவளுக்குக் கேட்டது. 'களுக்' என்று ஒரு சத்தம். பட்டைத் தண்ணீரில் சிறிய கனமான ஏதோ ஒன்று விழுந்து மூழ்குகிற சத்தம். இத்தனை நாள் எங்கே இருந்தது அது? "கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி அதற்குமேல் கேட்கவில்லை. "சரி போ, நாளைக்கி அரிசி சொல்லும்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் அவளை விடவில்லை. குடத்தில் தண்ணீர் மொண்டால் களுக். கஞ்சியில் உப்புப் போட்டால் களுக். கூடவே மற்றதும் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டது: சிவப்பு நூல் அவிழ்ந்து நுரையில் ஒரு நொடி மிதந்தது, தான் பார்த்தும் பார்க்காததுபோல வாளியைக் கவிழ்த்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இருட்டுக்குச் சொன்னது. எல்லம்மா பட்டப்பகலில் அரண்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் சவுரியம்மாள் பக்கத்தில் வந்து குந்தினாள். பயம் வந்தால் அதிகம் பேசுகிற ஜாதி அவள். "எங்க சாமியாருக்குத் தெரிஞ்சா மாதா கோயில் படியேற விட மாட்டாரு, அம்மன் அரிசிய மென்னேன்னு. இருந்தாலும் காலையில வூட்ல ஒரு பிடி மென்னு பாத்தன்டி. நல்லாத்தான் எச்சில் ஊறுது. நீ பாத்தியா?" என்றாள்.

எல்லம்மா பார்க்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சம்பூர்ணம் புழக்கடையில் இருந்த சமயமாக நாலு அரிசியை வாயில் போட்டு மென்றாள். மென்று மென்று தாடை வலித்தது. துப்பிப் பார்த்தால் உலர்ந்த நொய். இன்னொரு பிடி போட்டாள். அதுவும் அப்படியே. வாய்க்குள் பட்டைத்தூளைக் கொட்டி வைத்தாற்போல இருந்தது. பின்னால் காலடி கேட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"அக்கா, டேனரியில இன்னா நடக்குது? ஜனங்க என்னென்னமோ பேசறாங்க" என்று கேட்டாள் சம்பூர்ணம். வயிற்றின்மேல் இரண்டு கையும் இருந்தன. அக்கா எதற்காவது திட்டுவாளோ என்று பயப்படுகிற சின்னப் பெண்ணின் முகம்.

"ஒண்ணுமில்ல. யாரோ கவனமில்லாம இருந்துட்டாங்க. நீ போய்ப் படு" என்றாள் எல்லம்மா. தங்கை தன் முகத்தைப் பார்த்து ஏதும் கண்டுபிடித்துவிடக்கூடாதென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சம்பூர்ணம் போய்விட்டாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இரண்டு பேரில் யாராவது பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பேசவில்லை. ஒருத்திக்குத் தங்கை பயந்துவிடுவாளே என்கிற பயம், இன்னொருத்திக்கு அக்கா திட்டுவாளே என்கிற பயம்.

வெள்ளிக்கிழமை காலை. வாசல் வேப்பமரத்தடியில் இருந்த கங்கையம்மன் கல்லுக்கு மஞ்சள் பூசி எலுமிச்சம்பழம் வைத்திருந்தார் பூசாரி. டேனரி ஆட்களும் லைன் வீட்டுப் பெண்களும் கூடியிருந்தார்கள். நிசார் அஹமது சற்றுத் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இதில் நம்பிக்கையும் கிடையாது, இதை நிறுத்தவும் துணிச்சல் கிடையாது. நாலு பேருக்கும் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆளுக்கொரு ஆலிலை.

சுப்பராயன் முதலில். மென்றான்; துப்பினான். இலையில் வெள்ளைக் கூழ். கூட்டம் பெருமூச்சு விட்டது. ஆதிகேசவனுக்கும் கூழ்தான். சவுரியம்மாள் முந்தானைக்குள் கையை விட்டு யாருக்கும் தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டு மென்றாள். கொஞ்சம் நொய், கொஞ்சம் கூழ். பூசாரி இலையைச் சாய்த்துப் பார்த்து, "போ" என்றார். அவள் போய் மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

எல்லம்மாவின் கையில் அரிசி விழுந்தது. எத்தனை கண்கள்! எல்லாம் அவள் வாயைப் பார்த்தன. வாயில் போட்டாள். ஒவ்வொரு அரிசியும் கூழாங்கல்லாக இருந்தது. எச்சில் ஊறு, ஊறு என்று தன் வாயைத் தானே கெஞ்சினாள். புளியை நினைத்தாள், மாங்காயை நினைத்தாள். நினைப்பு எதைத் தொட்டாலும் கடைசியில் களுக். காது அடைத்துக்கொண்டது. நாக்கு மரக்கட்டையாகி உதட்டை முட்டியது. "துப்பும்மா" என்றார் பூசாரி. துப்பினாள். மாவு. உலர்ந்த, வெள்ளை மாவு. அதில், நாக்கில் பல் பட்ட இடத்து ரத்தம் ஒரு சொட்டு.

கூட்டம் 'ஆ' என்றது. எல்லம்மா அம்மன் கல்லுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்" என்றாள். "நான்தான் போட்டேன். லாட ஆணி. தங்கச்சி புள்ளைக்குக் காவலுக்கு வெச்சிருந்தேன். பொந்துல வெக்க மறந்துட்டேன். ரெண்டாவது வாளி ஊத்தறப்போ முந்தானையிலேருந்து நழுவிச்சி. சத்தம் கேட்டுச்சி, களுக்குன்னு. செவப்பு நூலு நுரையில மெதந்துது. பாத்தேன். பாத்துட்டு வாளியக் கவுத்துட்டேன்." ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல நெஞ்சில் இருந்த பாறை நகர்ந்தது. பொய் சொல்கிறவளுக்கு இத்தனை விவரம் வராது என்று கூட்டத்தில் எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படியேதான் நினைத்தாள்.

"பாத்தீங்களா சாயபு, அரிசி" என்றார் மேஸ்திரி.

அப்போது லைன் வீட்டுப் பெண்களுக்குள்ளிருந்து சம்பூர்ணம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. இடுப்பு முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். தலை சப்பையான, நுனி வளைந்த ஆணி. சிவப்பு நூல் அவிழாமல் சுற்றினபடியே இருந்தது.

"அக்கா பொய் சொல்லல சாயபு, ஆனா அக்கா போடல" என்றாள், அழுதுகொண்டே. "ஆணி எங்கிட்ட இருக்குது. திங்கக்கெழம விடியக்காத்தால ஒரு கெட்ட சொப்பனம். அக்கா அடுப்பு மூட்டறப்போ, கொடியில கெடந்த அவ பொடவ முந்தானையிலேருந்து அவுத்து எடுத்து நான் கட்டிக்கிட்டேன். கேட்டா திட்டுவா, வெளிய போறவ மடியிலதான் இருக்கணும்னுவா. அதான் சொல்லல. அவ அன்னிக்கி வேலைக்கிப் போனப்போ மடியில ஆணியே இல்ல."

நிசார் அஹமது எழுந்தார். பூசாரியிடம் போய், "எனக்கும் குடுங்க" என்று கையை நீட்டினார். பூசாரி விழித்தார். "குடுங்கன்னேன்." வாங்கி, வாயில் போட்டு, மற்ற நாலு பேரும் ஆளுக்கு எவ்வளவு நேரம் மென்றார்களோ அவ்வளவு நேரம் மென்றார். பிறகு இலையில் துப்பி எல்லாருக்கும் காட்டினார். மாவு.

"நான் எந்த இரும்பும் போடல" என்றார். "மாமு நாளைக்கி வர்றாருன்னு மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல, அவ்ளோதான். மேஸ்திரி, குழியக் காலி பண்ணுங்க. மொதல்லயே செஞ்சிருக்கணும், என் புத்தி."

தண்ணீரை இறைத்துக் கொட்டி, தோல்களை எடுத்து முடிக்க உச்சி வேளை ஆயிற்று. அடியில் பட்டைச் சேறு. சுப்பராயன் காலால் துழாவிக்கொண்டே வந்தவன் குனிந்து எடுத்தான். துருவேறிப் பிய்ந்த இரும்பு வளையத்தில் பாதி. எல்லாரும் முழித்தார்கள். சுப்பராயன்தான் புது மரவாளியைக் கவிழ்த்து, அடியில் சுற்றியிருந்த பிரம்பைப் பிரித்தான். பிரம்புக்கு உள்ளே மிச்ச அரை வளையம் துருவோடு பல்லை இளித்தது. இரும்பு வளையம் போட்ட பழைய வாளிக்கு மேலே பிரம்பைச் சுற்றி, பிரம்பு வாளி என்று மேஸ்திரி தலையில் கட்டியிருக்கிறான் வாணியம்பாடிக்காரன். மூணு நாளாக ஊரையெல்லாம் கேள்வி கேட்ட கோவிந்தசாமிக்கு அந்த வாளியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. நிசார் அஹமது அவரை வாளியும் கையுமாக ஆபீசுக்கு அழைத்துப் போனார். போகும்போது, "எல்லம்மா, உன் வேல எங்கயும் போகல. வூட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்றார். ஜனங்கள் சோற்று மூட்டையைத் தேடிக் கலைந்தார்கள்.

இங்கேயே கதையை முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, ஆணியும் இருக்கிறது. ஆனால் எல்லம்மா வீட்டுக்குப் போகவில்லை. எல்லாரும் போன பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாலாம் குழிக்குள் இறங்கினாள். முழங்கால் சேற்றில் குனிந்து, இரண்டு கையாலும் துழாவ ஆரம்பித்தாள்.

"அக்கா, இன்னா பண்ற? ஏறி வா" என்று மேலே நின்று கூப்பிட்டாள் சம்பூர்ணம்.

"இரு. என் ஆணிய எடுத்துட்டு வர்றேன்."

"ஆணி இதோ எங்கிட்ட இருக்குதுக்கா! காலையில பாத்தியே!"

எல்லம்மா நிமிர்ந்து அதைப் பார்த்தாள். கோபமில்லை, குழப்பமில்லை. சின்னப் பிள்ளையிடம் பேசுகிற பொறுமையோடு சொன்னாள்: "அது வேற ஆணிடி. எனக்கு வேல போய்டக் கூடாதுன்னு எங்கேருந்தோ கொண்டாந்துட்ட. எனக்குத் தெரியாதா? என்னுது இங்கதான் விழுந்துது. சத்தம் கேட்டேன்ல. அத எடுக்கலன்னா உன் புள்ள தங்காது." மறுபடி குனிந்தாள். விரல் நகங்களுக்குள் பட்டைச் சேறு ஏறிக் கறுத்திருந்தது. ஒரு மூலை முடிந்ததும் அடுத்த மூலை. முடிந்த மூலைக்கே மறுபடியும் போனாள். "களுக்குன்னுச்சி, களுக்குன்னுச்சி" என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

சம்பூர்ணம் அழுதாள், கெஞ்சினாள், வயிற்றுப் பிள்ளைமேல் ஆணையிட்டாள். காதில் விழுந்தால்தானே? வெயில் சாய்ந்தது. யாராவது வந்து இதைப் பார்த்தால் அக்காவுக்குப் பைத்தியம் என்பார்கள். பைத்தியத்தை டேனரியில் வைத்துக்கொள்வார்களா? சம்பூர்ணம் உள்ளங்கையை விரித்து ஆணியைப் பார்த்தாள். நாலு நாளாக இடுப்பை உறுத்திக்கொண்டிருந்த, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்த ஆணி. உள்ளே குழந்தை ஒரு உதை உதைத்தது. கண்ணை மூடிக்கொண்டு, அக்காவின் கை துழாவிவரும் பக்கமாக அதைக் குழிக்குள் நழுவவிட்டாள்.

சேற்றில் விழுந்த ஆணி சத்தமே போடவில்லை.

கொஞ்ச நேரத்தில் எல்லம்மாவின் கை நின்றது. மெல்ல வெளியே எடுத்து, புறங்கையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "பாத்தியா! நான் சொன்னேன்ல! ஒருத்தராவது நம்புனீங்களா?" கரையேறி வந்து, கறுத்த கையால் அந்த ஆணியைத் தங்கையின் இடுப்பில் தானே கட்டிவிட்டாள். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு ஓரமாகத் திரும்பிக் காறித் துப்பினாள். வாய் நிறைய எச்சில். "இனிமே பயமில்ல. நான் இருக்கேன், இந்த ஆணி இருக்குது. உன் பிரசவத்த நானே பாத்துக்கறேன். வேற ஒருத்தர் உள்ள வர வேணாம். நாம ரெண்டு பேர் போதும். இன்னா, சரிதானே?" என்று தங்கையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

சம்பூர்ணம் சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். உலர்ந்துபோன நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.